அமெரிக்க பிரசிடெண்டுக்கு நெசமாவே எம்புட்டு பவர்? மாமாவுக்கும் தம்பிக்கும் சண்டை, தெரிஞ்சவங்க சொல்லுங்க

சேரம்மாதேவிக்காரன்
2025 அக்டோபர் 21, காலை 6.50

எல்லாருக்கும் வணக்கம். தீபாவளிக்கு எங்க வீட்டுல ஒழுங்கா வெடிச்ச ஒரே வெடி இதுதான், மத்ததெல்லாம் மழையில நமுத்துப் போச்சு.

எங்க மாமா, அதாவது வீட்டுக்காரியோட அப்பா, 2006-ல இருந்து 2011 வரைக்கும் பஞ்சாயத்து பிரசிடெண்டா இருந்தாவ. இன்னைக்கும் ஊருக்குள்ள அவுகளுக்கு பேரே பிரசிடெண்டுதான், கல்யாணப் பத்திரிகையில கூட அப்படித்தான் போடுதாவ. என் தம்பி தூத்துக்குடியில ஒரு இறால் கம்பெனியில பேக்கிங்ல இருக்கான். ஆகஸ்ட் கடைசியில அமெரிக்க பிரசிடெண்ட் டிரம்ப் நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதுல இருந்து அவனுக்கு நைட் ஷிப்ட் கெடையாது, ஓவர்டைம் கெடையாது, வாரத்துல நாலு நாளுதான் வேலை. தீபாவளிக்கு வந்தவன் இட்லி தின்னுக்கிட்டே ஆரம்பிச்சான், "ஒரே ஒரு ஆளு, ஒரு தடிச்ச மார்க்கர் பேனா, ஒரு கையெழுத்து, இங்க எனக்கு பாதிச் சம்பளம் போச்சு, அவரு நெனச்சா என்ன வேணாலும் செய்யலாம்"னு.

மாமாவுக்கு வந்துச்சே கோவம். "பிரசிடெண்ட் கையெழுத்துன்னா என்னன்னு எனக்கு நீ சொல்லுதியால"ன்னு தெருவிளக்குக் கதைய எடுத்துட்டாவ. அவுக காலத்துல செக்குல பிரசிடெண்டும் வைஸ் பிரசிடெண்டும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் பணம் வரும். வைஸ் எதிர்கோஷ்டி. முக்குத்தெருவுல பல்பு மாத்துன பில்லுக்கு செக்க எழுதி மஞ்சப்பையில வச்சுக்கிட்டு மாமா அவரு வயலுக்கே போயிருக்காவ, நாத்தங்கால்ல நின்ன மனுசன் "கையில சகதி பிரசிடெண்டே, நாளைக்குப் பாப்போம்"னுட்டாராம். அந்த நாளைக்கு நாலு மாசம் கழிச்சு வந்துச்சாம். அதனால எந்த ஊரு பிரசிடெண்டும் தனியா ஒண்ணும் கிழிக்க முடியாதுங்கிறது மாமாவோட கட்சி.

எனக்கு ரெண்டு பேரு சொல்லுததும் சரியாத்தான் படுது. அங்கயும் கையில சகதின்னு சொல்ல ஒரு ஆளு உண்டுமா இல்லையா? இருந்தா இந்த வரி மட்டும் எங்கன ஒத்தக் கையெழுத்துல வந்துச்சு?

———

கருப்புக்கோட்டு பாளை
2025 அக்டோபர் 21, காலை 9.15

மொதல்ல மாமாவுக்கு என் கும்பிடு சொல்லுங்க, இந்த வெவகாரத்துல அவுகதான் பாதி வக்கீல்.

அமெரிக்க அரசியல் சட்டத்த 1787-ல பிலடெல்பியாவுல உக்காந்து எழுதுனவங்க இங்கிலாந்து ராசாகிட்ட அடி வாங்குன ஆளுங்க, அதனால மறுபடி ஒரு ராசா வந்துரக்கூடாதுன்னு பயந்து பயந்துதான் எழுதியிருக்காங்க. முதல் அத்தியாயமே காங்கிரஸ் பத்தி, அதாவது அவங்க பார்லிமெண்ட் பத்தி, பிரசிடெண்ட் ரெண்டாவதுதான் வாராரு. வரி போடுறது, பணம் ஒதுக்குறது, யுத்தம் அறிவிக்கிறது மூணும் காங்கிரஸ் கையில, சுங்கவரின்னு பேரச் சொல்லியே அதுல எழுதியிருக்கு. அப்படிப் பாத்தா உங்க தம்பிக்கு வந்த வெனை பிரசிடெண்டோட சொந்த அதிகாரத்துல வந்ததே இல்ல.

பின்ன எப்படி வந்துச்சுன்னா, நம்ம கன்னடியன் கால்வாயையே எடுத்துக்கிடுங்க. எந்த மடைய எப்ப தொறக்கணும்னு முடிவு பண்ண வேண்டியவங்க ஒரு கூட்டமா உக்காந்து முடிவு பண்ணணும், ஆனா வறட்சி வருசத்துல தினம் கூட்டம் போட முடியாதுன்னு தண்ணி பாச்சுதவருகிட்ட சாவிய குடுத்து அவசரம்னா நீரே பாத்துக்கிடும்னு சொல்லிட்டாங்கன்னு வைங்க, அவரு பெறவு எல்லா வருசமும் வறட்சிதான்னு சொல்லி சாவிய திருப்பிக் குடுக்கவே இல்லன்னா எப்படி இருக்கும், அதுதான் அங்க நடந்தது. 1930-ல காங்கிரஸ் தானே உக்காந்து ஆயிரக்கணக்கான சாமானுக்கு வரிய ஏத்திவிட்டு உலக வியாபாரத்தையே கெடுத்துச்சு, அந்தச் சூடு பட்ட பெறவு 1934-ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா சாவிக்கொத்து வெள்ளை மாளிகைக்குப் போயிருச்சு. 1962-ல ஒரு சட்டம், 1974-ல ஒண்ணு, 1977-ல சர்வதேச அவசர காலப் பொருளாதாரச் சட்டம்னு இன்னொண்ணு. இந்த 1977 சட்டத்த வச்சுத்தான் ஆகஸ்ட் 7-ல நமக்கு 25 சதவீதம், ரஷ்ய எண்ணெய் வாங்குதோம்னு சொல்லி ஆகஸ்ட் 27-ல இன்னொரு 25 வந்துச்சு. இறாலுக்கு அதுக்கு முன்னாலயே ஆன்டி டம்பிங் டூட்டி, அதாவது அடிமாட்டு விலைக்கு விக்குதாங்கன்னு போடுத வரி, வேற உண்டு.

வேடிக்கை என்னன்னா அந்தச் சட்டத்துல சுங்கவரிங்கிற வார்த்தையே கெடையாது. இறக்குமதிய ஒழுங்குபடுத்தலாம்னு ஒரு வாசகம் இருக்கு, அந்த ஒரு வாசகத்த புடிச்சுக்கிட்டுதான் இத்தன கூத்தும். மே மாசம் நியூயார்க்குல இருக்க வர்த்தகக் கோர்ட்டு இது செல்லாதுன்னுச்சு, ஆகஸ்ட் 29-ல அப்பீல் கோர்ட்டும் 7-க்கு 4-ன்னு அதையே சொல்லிருச்சு, ஆனா அப்பீல் முடியுற வரை வரி தொடரட்டும்னு விட்டுட்டாங்க. சுப்ரீம் கோர்ட்டுல நவம்பர் 5 வாதம். அன்னைக்கே தீர்ப்பு வராது, தம்பிகிட்ட இத மட்டும் தெளிவாச் சொல்லிருங்க.

பழைய கதை ஒண்ணும் சொல்லுதேன். 1952 ஏப்ரல்ல கொரியா யுத்தம் நடக்கும்போது இரும்பாலைக்காரங்க ஸ்டிரைக் பண்ணப் போறாங்கன்னு அப்ப பிரசிடெண்டா இருந்த ட்ரூமன் ஆலைகளையே அரசாங்கத்துக்கு எடுத்துக்கிட்டாரு, யுத்தம் நடக்குது இரும்பு வேணும், காரணம் நியாயந்தான். ஜூன் 2-ல சுப்ரீம் கோர்ட்டு 6-க்கு 3-ன்னு போய்யான்னுருச்சு. மறு பேச்சில்லாம ஆலைய திருப்பிக் குடுத்தாரு. எனக்கு அந்தத் தீர்ப்ப விட அவரு குடுத்ததுதான் பெருசாத் தெரியும், ஏன்னா கோர்ட்டுகிட்ட போலீசும் கெடையாது பட்டாளமும் கெடையாது.

———

சுரண்டை டு ஜெர்சி
2025 அக்டோபர் 21, பகல் 11.40

அண்ணாச்சி, இங்க இப்ப நடுராத்திரி, தூக்கம் வரல, அதனால எழுதுதேன்.

தம்பி சொன்ன அந்தக் கையெழுத்து எனக்கும் விழுந்துச்சு. நான் 9 வருசமா எச்1பிங்கிற வேலை விசாவுலதான் இருக்கேன். போன வருசம் எம்மவ பொறக்கும்போது சொகமில்லாம போயி குலசை முத்தாரம்மனுக்கு காளி வேசம் கட்டுதேன்னு நேந்துக்கிட்டேன். இந்த தசராவுக்கு செப்டம்பர் 20 சனிக்கிழமை பிளைட்டு. மொத நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியில செவப்புச் சீலை, ஜடாமுடி வாங்க வச்சிருந்த பணம், பிள்ளைக்கு மருந்து எல்லாம் வச்சு மூடிட்டு உக்காருதேன், போன்ல நியூஸ் வருது, எச்1பிக்கு 1 லட்சம் டாலர் கட்டணும், ஞாயித்துக்கிழமையில இருந்து அமலுன்னு. ராத்திரி பத்து மணிக்கு கம்பெனி வக்கீல்கிட்ட இருந்து மெயிலு, உள்ள இருக்கவன் வெளிய போகாத, வெளிய இருக்கவன் நாளைக்குள்ள ஓடியான்னு. என் கூட வேல பாக்குத பிள்ளை ஒண்ணு பிளைட்டுல ஏறி உக்காந்துட்டு சத்தம் போட்டு இறங்கி வந்துச்சு.

நான் டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் போல வெள்ளை மாளிகையில இருந்து விளக்கம் வருது, புதுசா அப்ளை பண்ணுதவங்களுக்கு மட்டுந்தான், ஒரு தடவ கட்டுனாப் போதும், ஏற்கனவே விசா இருக்கவங்க போய்ட்டு வரலாம்னு. அப்ப என் சீட்டு போயிருச்சு, மறு டிக்கெட்டு விலையப் பாத்தா மூச்சு முட்டுது. அம்மைக்கு போன் போட்டு அடுத்த வருசம் கட்டுதேன்னு சொன்னேன், அவ என்ன ஏசாம அந்தாள ஏசுனா.

இதுக்கும் காங்கிரஸ் ஓட்டே போடல. வெளிநாட்டுக்காரன் உள்ள வாரது நாட்டுக்குக் கேடுன்னு பிரசிடெண்டுக்குத் தோணுனா நிறுத்தலாம்னு குடியேற்றச் சட்டத்துல ஒரு பிரிவு 1952-ல இருந்து கெடக்கு, 2018-ல சில நாட்டுக்காரங்கள வரக்கூடாதுன்னு போட்ட தடைய சுப்ரீம் கோர்ட்டு 5-க்கு 4-ன்னு ஒத்துக்கிட்டது இந்தப் பிரிவ வச்சுத்தான். நிறுத்துறது வேற, கட்டணம் வாங்குறது வேறன்னு இப்ப கேஸ் போட்டிருக்காங்க.

ஆனா மாமா சொல்லுததும் பொய்யில்ல. அக்டோபர் 1-ல இருந்து இங்க கவர்மெண்டே மூடிக் கெடக்கு தெரியுமா? காங்கிரஸ் பணம் ஒதுக்கல, செனட்டுல, அதாவது மேல்சபையில, 60 ஓட்டு தேறல, அவ்வளவுதான். லட்சக்கணக்கான ஊழியருக்குச் சம்பளம் கெடையாது, லேபர் டிபார்ட்மெண்ட்ல எங்க கிரீன்கார்டு பைலு எதையும் வாங்க மாட்டேங்காங்க. உலகத்துல பெரிய ஆளுன்னு சொல்லுதோம், தன் ஆபீசுல சம்பள நாள தானா கொண்டு வர முடியல. அதுதான் சகதி கை.

———

பேட்டை பாய்
2025 அக்டோபர் 21, பகல் 12.05

குலசை தம்பி, ஜெர்சியிலயே வேசம் கட்டிட்டு ஆபீசுக்குப் போயிருந்தா லீவும் மிஞ்சியிருக்கும்லா 😂

———

தேரிக்காட்டான்
2025 அக்டோபர் 21, மாலை 5.30

வக்கீல் அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி, ஆனா அது ஏட்டுச் சுரைக்காய். நான் மாமாவ விட்டுட்டு தம்பி கட்சிக்கு வாரேன்.

யுத்தம் காங்கிரஸ் கையிலங்கியரு. காங்கிரஸ் கடைசியா யுத்தம் அறிவிச்சது எப்பம்? 1942 ஜூன்ல, பல்கேரியா ஹங்கேரி ருமேனியா மேல. அதுக்குப் பெறவு கொரியா, வியட்நாம்னு எத்தன பிள்ளைங்க செத்துச்சு, ஒண்ணுக்காவது அறிவிப்பு உண்டுமா? 1973-ல அப்ப பிரசிடெண்டா இருந்த நிக்சன் கையெழுத்துப் போட மாட்டேன்னு வீட்டோ பண்ணியும் அதத் தாண்டி ஒரு சட்டம் போட்டாங்க, பட்டாளத்த எறக்குனா 48 மணி நேரத்துல சொல்லணும், 60 நாளுக்கு மேல எங்க சம்மதம் வேணும்னு. இந்த ஜூன்ல ஈரான் அணுசக்தி மையங்க மேல குண்டு போட்டப்ப யாரு ஓட்டுப் போட்டா? குண்டு போட எம்புட்டு நேரம் ஆகும், 60 நாளு எதுக்கு?

மன்னிப்புன்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு ஒரு வைஸ் கையெழுத்தும் வேண்டாம். நம்ம ஜனாதிபதிக்கும் 72-வது பிரிவுல மன்னிக்க அதிகாரம் உண்டு, ஆனா மந்திரிசபை சொன்னபடிதான் செய்யணும். அங்க அந்தாளு மனசு வச்சாப் போதும். பைடன் போற நேரத்துல சொந்த மவனுக்கே மன்னிப்பு எழுதுனாரு, டிரம்ப் வந்த அன்னைக்கே 2021 ஜனவரி 6 பார்லிமெண்ட் கலவரக் கேசுல இருந்த 1500 பேரு பக்கம் விட்டாரு. 1974-ல பிரசிடெண்ட் போர்டு, கேசே போடாத நிக்சனுக்கு முன்கூட்டியே மன்னிப்பு குடுத்தாரு. கட்சி எதுவானாலும் பேனா ஒண்ணுதான்.

போன வருசம் ஜூலை 1-ல சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிச்சு, பிரசிடெண்ட் தன் பதவிக்குரிய முக்கிய அதிகாரத்துல செஞ்சதுக்கு கிரிமினல் கேஸ் போட முடியாதுன்னு. மாமா பிரசிடெண்டா இருக்கும்போது ஒரு லோடு செம்மண் கணக்குல வரலன்னாக்கூட கலெக்டர் பஞ்சாயத்துச் சட்டம் 205-வது பிரிவுல நோட்டீஸ் விட்டு பதவியப் புடுங்கிருப்பாரு. அமெரிக்காவுல கலெக்டர் கெடையாதுல்லா?

ஜெர்சி தம்பி சொன்ன சம்பள விசயம் கூட முழுசு இல்ல. அக்டோபர் 15 பட்டாளத்துக்குச் சம்பள நாளு, ஆராய்ச்சிக்குன்னு ஒதுக்குன பணத்த எடுத்துக் குடுத்துட்டாரு. குடிதண்ணிக் கணக்குல எடுத்து ரோடு போடுததுக்கு நம்மூருல என்ன பேரு?

———

பொருநைப்பொண்ணு
2025 அக்டோபர் 21, இரவு 8.20

நான் குரூப் 2-க்கு படிச்சிட்டிருக்கேன், தப்பிருந்தா அண்ணன்மாரு திருத்துங்க. கலெக்டர் இல்லன்னு தேரிக்காட்டு அண்ணன் சொன்னாங்கல்ல, பதவிநீக்கம்னு ஒண்ணு இருக்கே. கீழ்சபை குற்றம் சாட்டணும், செனட்டுல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். இதுவரைக்கும் 1868-ல ஆண்ட்ரூ ஜான்சன், 1998-ல கிளிண்டன், 2019-லயும் 2021-லயும் டிரம்ப், இந்த மூணு பேரு மேலதான் கீழ்சபை குற்றம் சாட்டுச்சு, செனட்டு ஒருத்தரையும் நீக்கல. நிக்சன் அதுக்கு முன்னாலயே அவராவே போயிட்டாரு.

எனக்கு இதுல புடிச்ச விசயம் ஒரு ஓட்டுக் கணக்கு. ஜான்சன நீக்க 36 ஓட்டு வேணும், விழுந்தது 35. ஒரே ஓட்டுல பொழச்சு மிச்ச காலத்தையும் ஓட்டிட்டாரு. நம்ம ஊருல 1999 ஏப்ரல்ல வாஜ்பாய்க்கு 269, எதிர்ல 270, ஒரே ஓட்டுல ஆட்சியே போச்சு. நம்ம பிரதமரு நாளைக்குக் காலையில இருப்பாரான்னு மக்களவைதான் சொல்லணும், மூணுல ரெண்டெல்லாம் வேண்டாம், பாதிக்கு மேல ஒண்ணு போதும். அங்க புடிக்கலன்னா நாலு வருசம் பல்லக் கடிச்சிட்டு இருக்க வேண்டியதுதான். அதே நேரம் மெஜாரிட்டி இருக்குற நம்ம பிரதமரு கொண்டு வர்ற மசோதா தோக்குறது ரொம்ப அபூர்வம், அங்க பிரசிடெண்ட் சொந்தக் கட்சிக்காரனே கால வாரி விடுவான். மந்திரி வைக்கக் கூட செனட்டு சம்மதம் வேணும். இங்க பிரதமரு லிஸ்ட்டு குடுத்தா சாயங்காலம் பதவியேற்பு. அப்போ யாருக்குப் பவர் ஜாஸ்தின்னு கேட்டா, வீட்டுக்குள்ள நம்ம பிரதமருக்கு, வாசலுக்கு வெளிய அவங்க பிரசிடெண்டுக்குன்னு எனக்குத் தோணுது. இறாலும் விசாவும் வாசலுக்கு வெளிய வர்ற சமாச்சாரம், அதான் நம்ம மேல இவ்வளவு வேகமா விழுது.

———

கருப்புக்கோட்டு பாளை
2025 அக்டோபர் 21, இரவு 9.45

வாசக்கணக்கு நல்லாருக்கும்மா, நான் இத்தன எழுதியும் இத ஒரு வரியில சொல்ல முடியல.

தேரிக்காட்டாருக்கு ஒண்ணு ஒத்துக்கிடுதேன், குண்டு விசயத்துல நீரு சொல்லுததுதான் நடப்பு. ஆனா மன்னிப்புக்கு வேலி இல்லன்னு விட முடியாது வே. அது மத்திய அரசு கேசுக்கு மட்டுந்தான் செல்லும். டெக்சாஸ் சட்டப்படி ஒருத்தன் உள்ள இருந்தா அந்தப் பேனா அங்க எழுதாது, பதவிநீக்கத்துக்கும் மன்னிப்பு கெடையாது. பணத்த திருப்பி விட்டதும் கோர்ட்டுக்கு வரக்கூடிய சங்கதிதான், காங்கிரஸ் ஒதுக்குன பணத்த நிக்சன் செலவழிக்காம முடக்கி வச்சாருன்னுதான் 1974-ல அதுக்குன்னே ஒரு சட்டம் போட்டாங்க.

ஒரு கட்சிக்காரனுக்கு மட்டும் கோர்ட்டு கடிவாளம் போடுதுன்னும் நெனைக்காதீரும். பைடன் படிப்புக்கடன் தள்ளுபடின்னு 40000 கோடி டாலர்கிட்ட அறிவிச்சத 2023 ஜூன்ல 6-க்கு 3-ன்னு அடிச்சுட்டாங்க, அதுவும் இதே ரகந்தான், அவசர காலச் சட்டத்துல ஒரு வார்த்தைய இழுத்து அம்புட்டுப் பெருசாக்க முடியாதுன்னு. அந்த வாதத்த வச்சே இப்ப வரி கேசுலயும் கேள்வி கேப்பாங்க. ஆனா கோர்ட்டு முடிவு பண்ணுத வரைக்கும் யாரு சம்பளம் போகுதுன்னு கேட்டியள்னா, அது தம்பி சம்பளந்தான். இத எந்த அத்தியாயத்துலயும் எழுதி வைக்கல.

———

சேரம்மாதேவிக்காரன்
2025 அக்டோபர் 22, காலை 7.05

எல்லாத்தையும் மாமாவுக்கும் தம்பிக்கும் சத்தமா வாசிச்சுக் காமிச்சேன். அரிசி புடைச்சுக்கிட்டிருந்த அத்தை கூட கையை நிறுத்திட்டு கேட்டாவ.

மாமாவுக்கு 205 பேச்சு சுருக்குன்னு வந்துச்சு, "என் மேல ஒரு நோட்டீஸ் வந்ததில்லன்னு எழுதுல"ன்னாவ, எழுதிட்டேன். பெறவு ஒரே கேள்விதான், அங்க வைஸ் யாரு, அவருக்கு என்ன சோலின்னு. நான் தேடிப் பாத்துச் சொன்னேன், வைஸ் பிரசிடெண்டுதான் செனட்டுக்குத் தலைவரு, ஆனா ஓட்டு ரெண்டு பக்கமும் சமமா விழுந்தாத்தான் அவரு ஓட்டே போடலாம், இந்த ஜனவரியில பாதுகாப்பு மந்திரிய வைக்கும்போது 50-க்கு 50 விழுந்து வைஸ் பிரசிடெண்ட் வான்ஸ் போட்ட ஓட்டுலதான் 51 ஆச்சு, ஜூலையில பெரிய வரிக்குறைப்பு மசோதாவும் அப்படித்தான். மத்தபடி செக்குல அவரு கையெழுத்து தேவையில்ல.

மாமா கொஞ்ச நேரம் பேசல. "அவருக்கு வயல் கெடையாதோ"ன்னு கேட்டாவ. தம்பிக்குச் சிரிப்பு தாங்கல, தீபாவளிக்கு வந்து மொத தடவையா சிரிச்சான்.

இன்னைக்குக் காலையில தூத்துக்குடி பஸ்ஸுக்குக் கெளம்பும்போது காலண்டர்ல நவம்பர் 5-ம் தேதிய பேனாவால வட்டம் போட்டான். அன்னைக்குத் தீர்ப்பு வராதுன்னு வக்கீல் சார் சொன்னதச் சொன்னேன், தெரியும்ணே, இருக்கட்டும்னான். அத்தை எட்டிப் பாத்துட்டு அன்னைக்கு ஐப்பசிப் பௌர்ணமி, கோயில்ல அன்னாபிஷேகம், லீவு கெடைச்சா வந்துருன்னாவ. நாலு நாள்தான் வேலை, லீவுக்கென்ன பஞ்சம்னு சொல்லிட்டு பைய எடுத்துட்டுப் போயிட்டான்.